கிராபிக்ஸ் கார்டு இருக்கட்டும், முதல்ல யு.பி.எஸ். வாங்கு!

வீடியோ எடிட்டிங்குக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும்னு யார் கேட்டாலும், நம்மாளுங்க வாயில வர்ற முதல் வார்த்தை கிராபிக்ஸ் கார்டு. கோட்டைக்குப்பத்துல இருக்கற தம்பி ஒருத்தனுக்கு சென்னையில ஒரு கடையில எழுதிக் கொடுத்த கொட்டேஷனும் அப்படித்தான். பட்ஜெட்ல பாதி கார்டுக்கு. கூடவே கலர் கலரா எரியற ஆறு ஃபேன் (சாமி ஊர்வலமா போகுது?). யு.பி.எஸ். கிடையாது, ரெண்டாவது ஹார்ட் டிஸ்க் கிடையாது. எனக்கு இதுல துளியும் உடன்பாடு இல்லை.

தம்பி எடுக்கறது சினிமா இல்லைங்க. பழவேற்காடு ஏரியில கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம்னு மூணு ஊரும் முறை வச்சு வலை போடற வழக்கத்துக்கு 'பாடு'ன்னு பேரு. அதைப் பத்தி பெரியவங்க பேசறதையும், முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்த கோலத்தையும் மொபைல்ல மணிக்கணக்கா எடுத்து வச்சிருக்கான். பேசினவங்க பாதிப்பேர் எழுபதைத் தாண்டினவங்க. இன்னொரு தடவை எடுத்துக்கலாம்னு விட முடியாத சமாச்சாரம். வெட்டி ஒட்டி, கீழ எழுத்து போட்டு, பத்திரமா வைக்க ஒரு மெஷின் வேணும். அவ்வளவுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். மொபைல் வீடியோ எடிட் பண்ணும்போது ஏன் திக்குது? டிஸ்க் ஸ்பீடு பத்தலைன்னு சொல்லுவாங்க. ஐபோன்ல ஹெச்.இ.வி.சி. முறையில 30 ஃபிரேம் 4கே எடுத்தா நிமிஷத்துக்கு சுமார் 170 எம்.பி. அதாவது விநாடிக்கு 3 எம்.பி. கூட இல்லை. சாதா ஹார்ட் டிஸ்க்கே இதைத் தூக்கத்துல படிச்சுடும். கஷ்டமெல்லாம் பிரிக்கறதுலதான். ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசா எழுதாம, முன்னாடி ஃபிரேம்ல இருந்து என்ன மாறுச்சுன்னு மட்டும்தான் ஃபைல்ல இருக்கும். நடுவுல ஒரு இடத்தை கிளிக் பண்ணினா, பின்னாடி எங்கேயோ இருக்கற முழு ஃபிரேம்ல ஆரம்பிச்சு கணக்கு போட்டுக்கிட்டே வரணும்.

இந்தக் கணக்கைப் போடவே இன்டெல் பிராசசருக்குள்ள குவிக் சிங்க்னு ஒரு பகுதி 2011-லயே வந்தாச்சு. ஆனா பேருக்குப் பின்னாடி 'எஃப்' இருந்தா அது கிடையாது! ஐ5-12400ல உண்டு, 12400எஃப்ல இல்லை. விலை கொஞ்சம் கம்மின்னு எஃப் போட்டு, அதனாலயே கார்டும் கட்டாயமாகி... இதுக்கு எஃப் இல்லாததையே வாங்கி, கார்டைத் தள்ளிப் போடலாமே? ராம் 16 ஜி.பி. குறைஞ்சபட்சம், ஒரே குச்சியா இல்லாம ரெண்டு எட்டா. அப்பவும் திக்கினா கெடன்லைவ்ல பிராக்ஸி போட்டுக்கலாம். சின்ன சைஸ் நகல்ல எடிட் பண்ணிட்டு, கடைசியில ஒரிஜினல்ல இருந்து ரெண்டர். டாவின்சி ரிசால்வ்ல கலர் கிரேடிங் பண்றவங்க கதை வேற, அது கார்டை நம்பித்தான் ஓடும். தம்பி என்னிக்காவது அங்க போனா அப்போ கார்டு சொருகட்டும். அதுக்காக பவர் சப்ளையை மட்டும் இப்பவே நல்லதா, 550 வாட்ல வாங்கச் சொன்னேன்.

கார்டு இல்லாததுல இன்னொரு லாபம். 600 வி.ஏ.ன்னு விக்கற யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பெரிய கார்டு போட்ட மெஷின் ரெண்டர்ல இருக்கும்போது கரண்ட் போனா கத்திட்டு அணைஞ்சுடும். கார்டு இல்லாத மெஷின் 150 வாட் சுத்திதான் இழுக்கும். நிதானமா சேவ் பண்ணி ஷட்டவுன் பண்ணலாம்.

அப்புறம் உப்பு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தண்ணியை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும், போர்டு மேல படிஞ்ச உப்பும்தான். ஆறு ஃபேன் வச்சா ஆறு வழியா உப்பை உள்ள கூப்பிடறோம். ஃபில்டர் போட்ட ரெண்டு போதும். கடல் பக்க ஜன்னல்கிட்ட வைக்கக்கூடாது. மழைக்காலத்துல வேலை இல்லேன்னாலும் தினம் ஒரு மணி நேரம் ஓடவிடணும், சூட்டுல போர்டு காய்ஞ்சு இருக்கும். ராம் மக்கர் பண்ணினா பென்சில் ரப்பரால தேய்க்கற நம்ம பரம்பரை வைத்தியம் இருக்கவே இருக்கு :-)

மிச்சமாகற காசுல ரெண்டு ஹார்ட் டிஸ்க். ஒண்ணு மெஷின்ல. இன்னொண்ணு அதே வீட்டு பீரோவுல இருக்கக்கூடாது. 2004 சுனாமியைப் பார்த்த ஊர் அது. பொன்னேரியில அவங்க சித்தி வீட்டுல வைக்கறதா பேச்சு, மாசம் ஒருதடவை எடுத்துட்டு வந்து காப்பி போட்டுட்டுத் திருப்பிக் கொடுக்கணும்.