பிறப்பு குறைந்தது, கிணறு ஏன் வற்றியது?

சென்ற மாதம் ஒரு கிராமத்தில் நடந்த பயிற்சி முகாமில், "மக்கள் பெருகிவிட்டார்கள், இனி பூமி தாங்காது" என்று ஒருவர் பேசினார். உடனே ஒரு சிறு விவசாயி எழுந்தார். "ஐயா, என் தாத்தாவுக்கு எட்டுப் பிள்ளைகள். அன்று எங்கள் கிணறு 40 அடி. எனக்கு ஒரே மகள். இன்று போர் 600 அடி போட்டும் தண்ணீர் இல்லை. பிள்ளைகளா தண்ணீரைக் குடித்துவிட்டார்கள்?" என்று கேட்டார்.

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்வது என் போன்றோரின் கடமை.

ஜனத்தொகைப் பெருக்கம் பொய்யன்று. 1951ல் சுமார் 3 கோடியாக இருந்த தமிழக மக்கள் 2011ல் 7.2 கோடியாயினர். பாகப் பிரிவினையில் நிலமும் துண்டுபட்டது. 1970-71ல் 1.45 ஹெக்டேராக இருந்த சராசரி நில உடைமை 2015-16ல் 0.75 ஹெக்டேராகச் சுருங்கியது.

ஆனால் இப்போது நிலைமை வேறு. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. ஜனத்தொகை நிலையாக இருக்கத் தேவையான 2.1ஐ விட இது குறைவு. பெண் குழந்தைகள் பள்ளிக்குச் சென்றதும், பிறந்த குழந்தைகள் பிழைத்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். பலவந்தம் என்ன செய்தது? நெருக்கடி நிலைக் காலமான 1976-77ல் நாடெங்கும் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவை செய்தார்கள். பல இடங்களில், குறிப்பாக வடமாநிலங்களில், ஏழைகளைக் கட்டாயப்படுத்தினார்கள். 1977 தேர்தலில் மக்கள் அதற்குத் தீர்ப்பளித்தார்கள்.

ஆகவே, இயற்கையைக் காக்கிறோம் என்று சொல்லி ஏழையின் பிள்ளைகளை எண்ணுவது நியாயமாகாது. எத்தனை பேர் என்பதோடு, ஒவ்வொருவரும் எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓர் அமெரிக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு. இந்தியருக்கு 2 டன் அளவே.

இதே கணக்கு நம் கிணற்றுக்கும் பொருந்தும். பிள்ளைகள் குறைந்தனர், மோட்டார்கள் பெருகின. ஏரிகள் தூர்ந்தன, நெல்லும் கரும்பும் நிலத்தடி நீரை நம்பி விரிந்தன. மகசூலைப் பற்றிப் பேசிய அளவுக்கு நாங்களும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை, அக்குறையை ஒப்புக்கொள்கிறேன். அதே சமயம், இரவு முழுவதும் மோட்டாரை ஓடவிட்டுத் தூங்குவதும் தகாது.

நெல் பயிரிடுவோர் 'பாய்ச்சலும் காய்ச்சலும்' முறையைக் கடைப்பிடிக்கலாம். ஓரடி நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகளிட்டு, அப்பாதியை வயலில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிடவும். நட்ட இரண்டு வாரம் வரை வயலில் நீர் நிற்கட்டும். அதன்பின், குழாயினுள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே மறுமுறை பாய்ச்சவும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மகசூல் குறையாமல் 30 சதவீதம் வரை நீர் மிச்சமாகும்.

முகாமில் கேள்வி கேட்ட அந்த விவசாயியிடமும் இதையே சொன்னேன். ஒரே மகளானாலும், அவளுக்கு நிலத்தோடு தண்ணீரும் பாகமாகக் கிடைக்க வேண்டும். இந்தப் பருவத்தில் கால் ஏக்கரிலாவது செய்து பாருங்கள்.