சட்டத்தின் பெயர் தெரியும், குணம் தெரியாது!

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், யானைமலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஒத்தக்கடை. அதே சாலையில்தான் 2004 ஜூலை 24-ல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்ற மதுரைக் கிளையும் இருக்கிறது. தென் ஜில்லா ஜனங்கள் வழக்குக் கட்டைச் சுமந்துகொண்டு சென்னைக்கு அலைந்த காலத்துக்கு, பல்லாண்டுக் கிளர்ச்சிக்குப் பின் கிடைத்த பலன் அது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அதன் வாசலைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். ஆனால் சட்டம் என்றால் என்ன, அதைச் செய்தது யார், யாருக்காகச் செய்தார்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார்?

"சரித்திர வகுப்பில்தான் சட்டங்கள் வருகின்றனவே!" என்பார்கள். வருகின்றன, மளிகைக் கடைச் சிட்டை மாதிரி! 1773 ஒழுங்குமுறைச் சட்டம், 1919 ரௌலட் சட்டம், 1935 இந்திய அரசாங்கச் சட்டம். பெயரும் வருஷமும் எழுதினால் மார்க். பரீட்சை முடிந்த மறுநாள் மறதி. இதற்குப் பெயர் சரித்திரமா?

நம் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வட இந்தியாவில் பிறந்தது. 1911-ல் அதைத் திருத்திச் சென்னை ராஜதானிக்கும் கொண்டுவந்தான் வெள்ளைக்காரன். 1914-ல் மதுரையை அடுத்த கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது அது பாய்ந்தது. திருடியவனைத் தண்டிக்கும் சட்டமல்ல அது. பிறந்தவனையே குற்றவாளியாக்கும் சட்டம். பெயரைப் பதிய வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், குறித்த வேளையில் ஆஜர் கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் கொடிய ஷரத்து வேறொன்று உண்டு: இன்ன கூட்டம் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்புச் செல்லுமா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது!

சட்டத்தின் ஆட்சியைக் கொண்டுவந்தோம் என்று மார்தட்டிய ஏகாதிபத்தியம், தன் கோர்ட்டின் கதவைத் தானே சாத்தியது ஏன்? இந்த ஒரு கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பத்துப் பக்கப் பாடம் தராத அறிவு பிள்ளைகளுக்கு வரும்.

கோர்ட் கதவு சாத்தப்பட்டபோது ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1920 ஏப்ரல் 3-ல் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்து நின்றார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை ஜனங்கள் 'ரோசாப்பூ துரை' என்று நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அதன் நிழல் ஒழிந்ததா? சிறைக் கையேடுகளில் ஜாதி பார்த்து வேலை பிரித்த விதிகளையும், சீர்மரபினரைப் பழக்கக் குற்றவாளிகளாகக் கருதிய விதிகளையும் 2024 அக்டோபர் 3-ல் உச்சநீதிமன்றம் ரத்துச் செய்ய வேண்டியிருந்தது!

சட்டம் என்றாலே ஆள்வோரின் சாட்டைதான் என்று சொல்லி முடித்துவிடலாமா? கூடாது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாதய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ஆலயப் பிரவேசத்துக்கு இடமளித்து, நுழைந்தோரையும் வழக்கிலிருந்து காக்கும் சட்டம் அந்த ஆண்டிலேயே பின்னால் வந்தது. கால்கள் முன்னே சென்றன, சட்டம் பின்தொடர்ந்தது!

நல்ல சட்டம் வந்துவிட்டால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. ஒத்தக்கடையைத் தாண்டி இதே சாலையில் மேலூர் போய், அங்கிருந்து மேலவளவு போங்கள். ஊராட்சித் தலைவர் பதவியைத் தாழ்த்தப்பட்டவருக்கு ஒதுக்கியது சட்டம். அப்படித் தலைவரான முருகேசன் உள்ளிட்ட ஆறு பேரை 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றது ஜாதி வெறி. ஏட்டில் இருக்கும் சட்டத்துக்குத் தானாகக் கால் முளைக்காது. மக்கள் காவல் நின்றால்தான் அது நடக்கும்.

"சட்டம் வக்கீலுக்கு, பள்ளிக்கூடத்தில் அரசியல் வேண்டாம்" என்று உபதேசிக்கும் கனவான்களை நாம் கேட்கிறோம்: ஒரு சமூகத்தின் நெற்றியில் குற்றவாளி என்று முத்திரை குத்தியது அரசியல் இல்லையா? அதை மறைப்பது மட்டும் அரசியல் இல்லையா? போலீஸ் கூப்பிட்டால் போக வேண்டுமா, கூலி பாக்கி வைத்தால் எங்கே மனுக் கொடுப்பது என்று தெரியாமல் நிற்பது வக்கீல் வீட்டுப் பிள்ளையல்ல. உழைப்பாளி வீட்டுப் பிள்ளை!

ஆகவே நாம் கோருகிறோம்: சட்டத்தின் வாசகத்தையே வகுப்பில் வாசிக்கச் செய்யுங்கள். அதை யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள், எப்படி வீழ்த்தினார்கள் என்று விவாதிக்கச் செய்யுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் ரேகைச் சட்டத்தின் கதையைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். ஒத்தக்கடைப் பிள்ளைகளை அந்த நீதிமன்றத்துக்குள் அழைத்துச் சென்று வழக்கு நடப்பதைப் பார்க்கச் செய்யுங்கள்.

சட்டத்துக்குப் பயப்படும் பிரஜைகளை உண்டாக்குவது வெள்ளைக்காரன் கல்வி. சட்டத்தைப் படித்து, எடைபோட்டு, வேண்டுமானால் மாற்றவும் துணியும் மக்களை உண்டாக்குவதே ஜனநாயகக் கல்வி!