தொட விடாத இடங்களைத் தேடிப் போங்கள்

ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்க வெளிநாட்டவர் ஒருவருக்கு 2017 முதல் 1,500 அமெரிக்க டாலர் கட்டணம். அவ்வளவு பணத்தையும் கட்டத் தயாராக ஒரு குடும்பம் போய் நின்றாலும், 15 வயது ஆகாத பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள். ஒரு கொரில்லாக் கூட்டத்தை நாளொன்றுக்கு எட்டுப் பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரு மணி நேரம்தான். குறிப்பிட்ட தொலைவுக்குள் நெருங்கக் கூடாது. சளி, இருமல் இருப்பவர் அன்று மலையேறக் கூடாது. நமக்கு இரண்டு நாள் தும்மலோடு போய்விடும் கிருமி, கொரில்லாவின் நுரையீரலுக்குள் போனால் உயிரையே வாங்கிவிடலாம் என்பதுதான் இத்தனை கெடுபிடிக்கும் காரணம். 1980-களின் தொடக்கத்தில், இந்தப் பூங்காவும் அடங்கிய விருங்கா மலைத்தொடரில் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 250 கொரில்லாக்கள். அதே மலைத்தொடரில் 2015-16 கணக்கெடுப்பில் 604 இருந்தன. காவலர்கள், காட்டுக்குள்ளேயே போய் வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள், பூங்கா வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு போய்ச் சேரும் சுற்றுவட்டாரக் கிராமங்கள் என்று இந்த வளர்ச்சிக்குப் பின்னால் பலர் இருக்கிறார்கள். பார்க்க வந்தவர்கள் கொடுத்த பணத்துக்கும் அதில் பங்கு உண்டு. அவர்கள் தள்ளி நின்றதற்கும் உண்டு.

வேலையை விட்டு, வீட்டை வாடகைக்குக் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓராண்டு, ஈராண்டு என்று உலகம் சுற்றும் குடும்பங்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. வெறுமனே வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப அவர்களுக்கு மனம் ஒப்புவதில்லை. போகும் இடத்தில் ஏதாவது உதவ வேண்டும், அதைப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்ய வேண்டும் என்று நினைக்கிறார்கள். மதிக்க வேண்டிய நினைப்பு அது. ஆனால் அதை நம்பியே ஒரு பெரிய வியாபாரம் வளர்ந்திருக்கிறது. குட்டிக்குப் பால் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அழைக்கும் அந்த வியாபாரம், இவற்றுக்கெல்லாம் தொண்டு என்று பெயர் சூட்டிப் பணம் வாங்குகிறது. காட்டு விலங்கை எவ்வளவு எளிதாகத் தொட விடுகிறார்களோ, அவ்வளவுக்கு அந்த இடத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து.

தென்னாப்பிரிக்காவில் சிங்கக் குட்டிகளை வளர்க்க வெளிநாடுகளிலிருந்து தொண்டர்கள் வாரக் கணக்கில் பணம் கட்டி வந்தார்கள். தாயை இழந்த குட்டிகள், பெரிதானதும் காட்டுக்குப் போய்விடும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. பெரும்பாலான பண்ணைகளில் நடந்தது வேறு. பிறந்து சில நாட்களிலேயே குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். குட்டி இல்லாத பெண் சிங்கம் சீக்கிரமே மறுபடி சினைக்கு வரும் என்பது பண்ணைக்காரர்களின் கணக்கு. சில மாதங்கள் கொஞ்ச விட்டார்கள். கொஞ்சும் வயது கடந்ததும் சுற்றுலாப் பயணிகளோடு நடக்க விட்டார்கள். அதற்கும் அடங்காத அளவுக்கு வளர்ந்த சிங்கங்கள் பல, வேலி போட்ட இடத்தில் பணக்கார வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக்குப் போயின. எலும்புகள் ஆசியச் சந்தைக்குப் போயின. 2017-இல் மட்டும் 800 சிங்க எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அந்நாட்டு அரசு அனுமதி தந்தது. 2015-இல் வெளிவந்த ‘பிளட் லயன்ஸ்’ ஆவணப்படம் இந்தச் சங்கிலியை உலகத்துக்குக் காட்டியது. 2021 மே மாதம், அரசு அமைத்த உயர்நிலைக் குழுவின் பரிந்துரையை ஏற்று, கூண்டுச் சிங்க வளர்ப்பை முடிவுக்குக் கொண்டுவருவோம் என்று சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா க்ரீசி அறிவித்தார். அதற்குள் அந்நாட்டில் அடைபட்டுக் கிடந்த சிங்கங்களின் எண்ணிக்கை, காட்டில் திரியும் சிங்கங்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. புட்டிப்பால் கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அந்தச் சிங்கங்களின் மேல் அன்பு வைத்தவர்களும் அவர்களே, அவற்றின் சாவுக்கு முன்பணம் கொடுத்தவர்களும் அவர்களே என்பதுதான் இதில் தாங்க முடியாதது.

நேரில் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரிவதில்லை. விலங்குச் சுற்றுலா இடங்களைப் பற்றிப் பயணிகள் இணையத்தில் எழுதிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மதிப்புரைகளை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். விலங்குகளை மோசமாக நடத்தும் இடங்களைக்கூடப் பயணிகளில் ஐந்தில் நான்கு பேர் பாராட்டியே எழுதியிருந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் புலிகளோடு படம் எடுத்துக்கொள்ள ஆண்டுக் கணக்கில் கூட்டம் மொய்த்த புத்த மடத்தில், 2016-இல் அதிகாரிகள் நுழைந்து 137 புலிகளை மீட்டபோது, உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன. புன்னகையோடு படத்துக்கு நின்றவர் எவர் கண்ணுக்கும் அந்தப் பெட்டி பட்டிருக்காது. சில வேளை கண்ணெதிரே நடப்பதே விளங்குவதில்லை. நம் கடவூர்க் காட்டுத் தேவாங்குக்கு உறவான ஓர் இனம் தென்கிழக்கு ஆசியாவில் இருக்கிறது. அதைக் கிச்சுக்கிச்சு மூட்டினால் இரு கைகளையும் மேலே தூக்கும். அந்தக் காணொளியை இலட்சக்கணக்கானோர் பார்த்து ரசித்தார்கள். உண்மையில், முழங்கையருகே சுரக்கும் நஞ்சை வாயால் எடுத்துக் கடிக்கத் தயாராகும் பயந்த விலங்கு அப்படித்தான் கையைத் தூக்கும். அது திருப்பிக் கடித்துவிடக் கூடாது என்று, படம் எடுக்க வாடகைக்கு விடுவோர் முன்கூட்டியே அதன் பற்களை வெட்டிவிடுவதும் உண்டு.

எதிர்மாறான உதாரணத்துக்கு அதிக தூரம் போக வேண்டாம். இலங்கையின் உடவளவையில் 1995 முதல் வனவிலங்குத் துறை நடத்தும் யானைகள் இடைத்தங்கல் இல்லம் இருக்கிறது. தாயை இழந்த கன்றுகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால். பார்வையாளர்கள் வேலிக்கு அப்பால் மேடையில் உட்கார்ந்து பார்க்கலாம். தொடவும் முடியாது, தீனி கொடுக்கவும் முடியாது. 1998-லிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் இங்கிருந்து காட்டுக்குத் திரும்பியிருக்கின்றன. அதே நாட்டின் பின்னவல யானைகள் இல்லம் 1975-இல் தொடங்கியது, இதைவிடப் பல மடங்கு புகழ் பெற்றது. பயணிகள் காசு கொடுத்துத் தீனி ஊட்டுவதும், ஆற்றில் குளிக்கும் கூட்டத்தை அருகிருந்து பார்ப்பதும் அங்கே வழக்கம். 1984 முதல் அங்கேயே கன்றுகள் பிறந்துவருகின்றன. அவை காட்டை அறியாமலே வளர்கின்றன. பயணப் படங்களில் அழகாக விழுவது பின்னவலதான். யானை யானையாகத் திரும்பிப் போவது உடவளவையிலிருந்து.

இதற்கு வரும் முதல் எதிர்வாதம் பிள்ளைகளைப் பற்றியது. தொட்டால்தான் பாசம் வரும், பாசம் வந்தால்தான் நாளை காட்டைக் காப்பார்கள் என்கிறார்கள். கோயில் யானையின் துதிக்கையில் காசு வைத்து ஆசி வாங்கிப் பழகிய நமக்கு இது நியாயமாகவே படும். ஆனால் தொட்டுப் பழகிய பிள்ளை கற்றுக்கொள்வது, இந்த விலங்கு எனக்காக இருக்கிறது என்பதை. நாய்க்கும் மாட்டுக்கும் அது ஓரளவு பொருந்தும். அவை பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்பவை. காட்டு விலங்குக்குப் பொருந்தாது. புதருக்குள் அசையும் ஒரு முதுகைப் பார்க்க மூன்று மணி நேரம் வாய் பேசாமல் காத்திருக்கும் பிள்ளையின் மனதில், நம்மைக் கேட்காமலே அது வாழ்கிறது என்பது பதியும். அந்தப் பிள்ளையின் பாசத்தைத்தான் நான் நம்புகிறேன்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. பயணிகள் வராவிட்டால் அடைபட்டிருக்கும் விலங்குகளுக்கு யார் சோறு போடுவது? 2020-இல் கொரோனாவால் தாய்லாந்தின் யானை முகாம்கள் மூடப்பட்டபோது, தீனி போட வழியில்லாமல் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளைப் பாகர்கள் தங்கள் மலைக் கிராமங்களுக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள். பாகர் குடும்பங்களின் பிழைப்பும் அந்த வருமானத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஒரேயடியாகப் போகாமல் இருப்பது தீர்வு ஆகாது. பணம் எதற்குப் போகிறது என்று பார்ப்பதே வழி. சியாங் மாய் அருகே சேங்துவான் சைலெர்ட் நடத்தும் யானைகள் காப்பகத்தில் தொண்டர்கள் காசு கட்டிச் செய்வது புல் அறுப்பது, பழம் கழுவுவது, சாணி அள்ளுவது. சவாரி இல்லை, வித்தை இல்லை. அங்கே கட்டும் பணம் ஏற்கெனவே இருக்கும் யானைக்குச் சோறாகிறது. சவாரிக்குக் கட்டும் பணமோ அடுத்த கன்றையும் அடித்துப் பழக்கச் சொல்கிறது.

ஒரு வாரம் வந்துபோகும் சிறுபிள்ளையின் உழைப்பால் பெரிதாக என்ன ஆகிவிடும் என்ற கேள்வியும் நியாயமானது. பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் நீண்ட பயணம் போகும் குடும்பத்திடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: காலம். கோஸ்டா ரிக்காவின் டோர்ட்டுகேரோ கடற்கரையில் விஞ்ஞானி ஆர்ச்சி கார் 1950-களில் தொடங்கிய ஆமைக் கணக்கெடுப்பு இன்னும் தொடர்கிறது. முட்டையிலிருந்து குஞ்சு வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம். பத்து நாடுகளைப் பறந்து கடப்பதற்குப் பதில் அந்த இரண்டு மாதமும் ஒரே கரையில் தங்கினால், பிள்ளை தன் கையால் எழுதிய எண்கள் அறிவியலுக்குப் பயன்படும். விமானப் புகையும் குறையும். இவ்வளவுக்கு வசதி இல்லாதவர்களுக்குச் சென்னைக் கடற்கரையே இருக்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் நள்ளிரவில் நடந்து முட்டைகளைக் காக்கும் வேலையை மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் செய்துவருகிறது. 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியதும் சென்னையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கரைகளில்தான். ஆள் தேவைப்படுகிறது.

உலகம் சுற்றப் புறப்படும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். குட்டிகளைப் பராமரிக்க அழைக்கும் எந்த இடத்துக்கும் பணம் கட்டும் முன் ஒரு கடிதம் எழுதுங்கள். போன வருடத்துக் குட்டிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லையென்றால் போகாதீர்கள்.