கையெழுத்துக்கு முன் விளக்கம் வேண்டும்: அழகூட்டும் ஊசிகளும் சத்திரசிகிச்சைகளும் குறித்து மொன்றியல் தமிழரின் கோரிக்கை மனு

பெறுநர்:
மாண்புமிகு சுகாதார அமைச்சர், கியூபெக் அரசு
தலைவர், கியூபெக் மருத்துவர் கல்லூரி
தலைவர், கியூபெக் தாதியர் பேரவை
தலைவர், கியூபெக் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம்
பொறுப்பதிகாரி, ஹெல்த் கனடா, ஒட்டாவா

அனுப்புநர்:
மொன்றியல் தமிழ்க் குடும்பங்களின் நலனுக்காக இயங்கும் எமது சங்கத்தின் நிர்வாகக் குழு

பொருள்: அழகூட்டும் ஊசிகளையும் சத்திரசிகிச்சைகளையும் நாடுவோருக்கு விளங்கும் மொழியில் தகவல் தருதலும், தவறு நேர்ந்தால் அஞ்சாமல் முறையிட வழி செய்தலும்.

மதிப்பிற்குரியவர்களே,

நெற்றியில் பொட்டொக்ஸ் போடுவதா, உதட்டில் ஃபில்லர் ஏற்றுவதா, வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதா என்பது அவரவர் விருப்பம். அதில் குறை சொல்ல எமது சங்கத்துக்கு உரிமை இல்லை, சொல்லவும் மாட்டோம். தன் கலியாணத்துக்கோ மகளின் சாமத்தியச் சடங்குக்கோ வடிவாகத் தெரியவேண்டும் என்று நினைப்பது குற்றமல்ல. ஆனால் பார்க் எக்ஸ்ரென்சன், கோட்-டெ-நேஜ், லசால், டொலார்-டெ-ஓர்மோ, லவால் என்று எமது குடும்பங்கள் வாழும் இடங்களில் நடப்பதைப் பார்க்கிறோம். பலர் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமலே சம்மதிக்கிறார்கள். இந்த மனு அதைப் பற்றியது.

கியூபெக் குடியியல் சட்டக்கோவை இந்த விடயத்தில் தெளிவாக இருக்கிறது. 1994 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள அக்கோவையின் 11ஆம் பிரிவின்படி, சம்மதமின்றி எவருக்கும் சிகிச்சை செய்ய முடியாது. உடல்நிலைக்குத் தேவைப்படாத சிகிச்சை என்றால் அந்தச் சம்மதம் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. எழுதிக் கொடுத்ததை எந்த நேரத்திலும் வாயால் சொல்லியே திரும்பப் பெறவும் முடியும். அழகுக்காக மட்டும் போடும் ஊசி இந்த வகைக்குள் வரும். நல்ல சட்டம். ஆனால் அது எமது பெண்களிடம் எந்த வடிவில் வந்து சேர்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறோம்.

எமது உறுப்பினர் ஒருவர் தாம் கையெழுத்திட்ட படிவத்தைக் கொண்டுவந்து காட்டினார். பிரெஞ்சில் நான்கு பக்கங்கள், பொடி எழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவரது பெயரின் முதலெழுத்துகள், கடைசியில் முழுக் கையெழுத்து. இரத்தக்குழாய் அடைபடலாம், தோல் அழுகலாம், மிக அரிதாகப் பார்வையே போகலாம் என்று மூன்றாம் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. அந்த வரிகளை எமது அலுவலகத்தில் தமிழில் வாசித்துக் காட்டியபோதுதான் அவர் முதன்முறையாகக் கேட்டார். ஊசி போட்ட இடத்தில் அவருக்குச் சொல்லப்பட்டது, "இரண்டு நாள் வீங்கும், பிறகு சரியாகிவிடும்" என்பது மட்டுமே. படிவத்தில் எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனாலும் அந்தக் கையெழுத்தைச் சம்மதம் என்று ஏற்க எம்மால் முடியவில்லை. நீங்களும் ஏற்கக்கூடாது என்பதே எமது வேண்டுகோள்.

ஆகவே எமது முதன்மைக் கோரிக்கை இது. சுகாதார அமைச்சும் மருத்துவர் கல்லூரியும் தாதியர் பேரவையும் சேர்ந்து, அழகூட்டும் சிகிச்சைகளுக்கென ஒரே மாதிரியான விளக்கத் தாளைத் தயாரித்து, தமிழ் உட்படக் குடிவரவாளர் மொழிகளில் வெளியிடவேண்டும். எந்த மருந்து, எத்தனை அலகு அல்லது மில்லிலீட்டர், யார் எழுதிக் கொடுத்தார், யார் ஊசி போடுகிறார், எது பிழைக்கலாம், பிழைத்தால் அன்றிரவே யாரை அழைப்பது, வரியோடு மொத்தச் செலவு எவ்வளவு என்பவை அதில் இருக்கவேண்டும். பிரெஞ்சோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரியாதவர் கையெழுத்திடுமுன் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வழியாக விளக்கம் கொடுக்கப்படவேண்டும். கூட வந்த பதினைந்து வயது மகள் அந்த வேலையைச் செய்யக்கூடாது. சத்திரசிகிச்சை என்றால் யோசிக்க நாட்கள் வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அழகுச் சத்திரசிகிச்சைக்குக் குடும்ப வைத்தியரின் பரிந்துரையும் குறைந்தது இரண்டு ஆலோசனைகளும் வேண்டும். சம்மதப் படிவத்துக்குப் பின் ஏழு நாட்கள் கழியாமல் திகதி குறிக்கவோ முற்பணம் வாங்கவோ முடியாது. கியூபெக்கிலும் அதே ஏழு நாட்களைக் கேட்கிறோம்.

மொழிச் சட்டம் இதற்குத் தடையாகும் என்று சிலர் சொல்லக்கூடும். 96ஆம் சட்டமூலமாக வந்து 2022இல் நிறைவேறிய சட்டத்தின்படி, வந்து ஆறு மாதங்கள் கழிந்த குடிவரவாளரோடு அரசு பிரெஞ்சில் மட்டுமே தொடர்புகொள்ளவேண்டும். ஆனால் சுகாதாரமும் பொதுப் பாதுகாப்பும் கோரும் இடங்களில் விதிவிலக்கையும் அதே சட்டம் தருகிறது. பிரெஞ்சின் இடத்தை நாங்கள் மதிக்கிறோம். எமது பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைகளில்தான் படிக்கிறார்கள். அந்த விதிவிலக்கை இங்கே பயன்படுத்துங்கள் என்று மட்டுமே கேட்கிறோம்.

செலவையும் காரணமாகக் காட்ட முடியாது. 2010 மார்ச் முதல் அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சைகளுக்கு விற்பனை வரி அறவிடப்படுகிறது. இன்று கியூபெக்கில் அது மத்திய அரசுக்கு 5 வீதமும் மாகாணத்துக்கு 9.975 வீதமுமாகும். எமது பெண்கள் கட்டும் இந்த வரியில் ஒரு சிறு பங்கே அந்த விளக்கத் தாளுக்குப் போதும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். வரி உள்ள இடத்தில் பற்றுச்சீட்டும் இருக்கும். "காசாகத் தந்தால் குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கே எழும்பி வந்துவிடுங்கள் என்று எமது கூட்டங்களில் சொல்லி வருகிறோம். அதே எச்சரிக்கையை நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகமும் தன் பெயரில் சொன்னால் அதற்கு இன்னும் பலம் கிடைக்கும்.

அடுத்தது, ஊசிக்குள் இருப்பது என்ன என்பது. பொட்டொக்ஸ் கனடாவில் மருந்துச் சீட்டுக்கு மட்டுமே கிடைக்கும் மருந்து. அதன் பெட்டியில் டி.ஐ.என். எனப்படும் எட்டு இலக்க எண் இருக்கவேண்டும். ஹையலூரோனிக் அமில ஃபில்லர் சட்டப்படி மருந்தல்ல, மருத்துவச் சாதனம். அதில் டி.ஐ.என். இருக்காது, ஆனால் ஹெல்த் கனடாவின் மருத்துவச் சாதன உரிமப் பட்டியலில் அதன் பெயர் இருக்கவேண்டும். இந்த வேறுபாடு சாதாரண மக்களுக்குத் தெரியாது. அதனால் "எண் எங்கே?" என்று கேட்பவரை "இதற்கு எண் தேவையில்லை" என்ற ஒரே பதிலில் திருப்பி அனுப்பிவிட முடிகிறது. எமக்குக் காட்டப்பட்ட ஒரு வெற்றுப் பெட்டியில் எமக்கு விளங்காத வெளிநாட்டு எழுத்துகளைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. கனேடிய எண்ணும் இல்லை, இறக்குமதி செய்தவரின் பெயரும் இல்லை. பொட்டொக்ஸ், ஃபில்லர் பெட்டிகள் இரண்டின் படமும், எந்த எண்ணை எங்கே பார்ப்பது என்ற குறிப்பும் கொண்ட ஒரு பக்கத் தமிழ்த் தாளை ஹெல்த் கனடா வெளியிடவேண்டும்.

இதே தாளில் தோலை வெளுக்கச் செய்யும் ஊசி பற்றியும் ஒளிக்காமல் எழுதவேண்டும். இது எமது சமூகத்துக்குள் இருக்கும் காயம். "பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பெண்கள்தான் குளுட்டாதயோன் ஊசியைத் தேடிப் போகிறார்கள். தோலை வெளுக்கச் செய்வதற்கென எந்த ஊசி மருந்தையும் தாம் அனுமதிக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. ஈரலையும் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் குளுட்டாதயோன் ஊசி பாதிக்கலாம் என்று பிலிப்பைன்ஸ் மருந்து நிர்வாகம் 2011இலேயே எச்சரித்தது. இந்தப் பேச்சை எமது வீடுகளில் நிறுத்துவது எமது பொறுப்பு. ஊசியை நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

ஊசி போடுபவர் யார் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பொட்டொக்ஸ் முகச்சுருக்கத்தைக் குறைக்கும் என்று 1992இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்கள் வான்கூவரைச் சேர்ந்த வைத்தியத் தம்பதியரான ஜீன் கருதர்ஸும் அலஸ்ரர் கருதர்ஸும். உலகத்துக்கு இந்தச் சிகிச்சையைத் தந்த நாட்டில், அதை யார் செய்யலாம் என்பது பாமரருக்கும் விளங்கவேண்டாமா? கியூபெக்கில் இவ்வூசியை வைத்தியர் போடலாம், அல்லது முறையான மருந்துச் சீட்டின் பேரில் தாதி போடலாம். அழகுநிலையம் நடத்துபவர் போட முடியாது, அவர் எத்தனை சான்றிதழ்களைச் சுவரில் மாட்டியிருந்தாலும். சத்திரசிகிச்சையிலும் இதே சிக்கல் உண்டு. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை அங்கீகரிக்கப்பட்ட சிறப்புத்துறை. "அழகுச் சத்திரசிகிச்சை நிபுணர்" என்று ஒரு சிறப்புத்துறை கனடாவில் இல்லை. ரொறன்ரோவில் 2007இல் லிப்போசக்சனுக்குப் பின் ஒரு பெண் இறந்தார். அதைச் செய்தவர் குடும்ப வைத்தியர். அந்த மரணத்துக்குப் பிறகுதான், 2010இல், வைத்தியசாலைக்கு வெளியே இயங்கும் இடங்களைப் பரிசோதிக்கும் திட்டத்தை ஒன்ராறியோ தொடங்கியது. கியூபெக்கில் அப்படி ஒரு மரணத்துக்காகக் காத்திருக்கவேண்டாம். ஊசி போடும் இடங்களையும் முன்னறிவித்தல் இன்றிப் பரிசோதித்து, முடிவுகளை வெளியிடுங்கள். மருத்துவர் கல்லூரியும் தாதியர் பேரவையும் வைத்திருக்கும் பெயர்ப்பட்டியல்களில் ஒருவரைத் தேடுவது எப்படி என்று ஒரு தமிழ்க் காணொளி தந்தால், அதை எமது கோயில்களிலும் தேவாலயங்களிலும் நாங்களே காட்டுவோம்.

மண்ணிறத் தோல் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. தோல் வகைகளைத் தரம்பிரிக்க உலகமெங்கும் பயன்படும் ஃபிட்ஸ்பற்றிக் அளவுகோல் 1975இல் வெள்ளைத் தோலுக்கென வகுக்கப்பட்டது. கருமையான தோல் வகைகள் அதில் பின்னரே சேர்க்கப்பட்டன. எமது தோலில் லேசர் தவறினால் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும், வெட்டிய இடம் தடித்த தழும்பாக வளரும் வாய்ப்பும் கூட. ஃபில்லர் இரத்தக்குழாயை அடைத்தால் தோல் வெளிறுவதே முதல் அறிகுறி. அந்த வெளிறல் எமது தோலில் எளிதில் தெரியாது. அடைப்பைக் கரைக்கும் ஹையலூரோனிடேஸ் மருந்தை மணித்தியாலங்களுக்குள் கொடுத்தாகவேண்டும். ஆகவே அம்மருந்து கைவசம் இல்லாத இடத்தில் ஃபில்லர் போட அனுமதிக்கக்கூடாது. கருமையான தோலில் ஆபத்தைக் கண்டறியும் பயிற்சியும் கட்டாயமாகவேண்டும்.

பிள்ளைகள் விடயத்தில் சட்டத்தையே மாற்றக் கேட்கிறோம். குடியியல் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவுப்படி, 14 வயது நிரம்பியவர் தன் உடல்நிலைக்குத் தேவைப்படாத சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம். பாரதூரமான ஆபத்தும் நிரந்தரமான கடும் விளைவும் ஏற்படக்கூடியதென்றால் மட்டுமே பெற்றோரின் சம்மதம் வேண்டும். உதட்டு ஃபில்லர் அந்த வரம்புக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொரு கிளினிக்கும் தானே முடிவெடுக்கும் நிலை இன்று இருக்கிறது. இங்கிலாந்து 2021 ஒக்டோபர் 1 முதல் 18 வயதுக்குக் குறைந்தோருக்கு அழகுக்காகப் பொட்டொக்ஸோ ஃபில்லரோ போடுவதைக் குற்றமாக்கியது. கியூபெக்கும் அப்படியே செய்யவேண்டும். மருத்துவத் தேவைக்கான சிகிச்சை இதில் அடங்காது.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சென்னையிலோ கொழும்பிலோ செலவு குறைவென்று சிகிச்சை செய்துவருவோர் எம்மில் உண்டு. 2016இல் சென்னையில் தலைமுடி நடும் சிகிச்சைக்குப் போன 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இரு வைத்தியர்களை இடைநீக்கம் செய்தது. பட்டறைகளிலும் யூடியூபிலும் பார்த்துப் பழகியது இச்சிகிச்சை செய்யத் தகுதியாகாது என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் எழுதவேண்டி வந்தது. வெளிநாட்டில் செய்து சிக்கலோடு திரும்புபவரை இங்குள்ள அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஏளனமாக நடத்தக்கூடாது. வெட்கத்தால் அவர்கள் பிந்தி வருவதுதான் பெரிய ஆபத்து.

கடைசியாக, முறைப்பாடு. அனுமதியின்றி மருத்துவம் செய்பவருக்குக் கியூபெக் தொழிலாளுமைச் சட்டக்கோவை 2,500 டொலர் முதல் 62,500 டொலர் வரை தண்டம் விதிக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் வாய் திறந்தால்தானே வழக்கு வரும்? அகதி விண்ணப்பம் முடிவாகாதவர், கணவருக்குத் தெரியாமல் போனவர், ஊசி போட்டவரே உறவுக்காரர் என்று சிக்கிக்கொண்டவர் எவரும் முறையிடுவதில்லை. முறையிடுபவரின் குடிவரவு நிலையைக் கேட்கவோ எவருக்கும் அறிவிக்கவோ மாட்டோம் என்று உங்கள் ஐந்து அமைப்புகளும் எழுத்தில் உறுதி தரவேண்டும். பெயர் சொல்லாமல் தமிழில் தகவல் தர ஒரு தொலைபேசி வழியும் வேண்டும். 811 என்ற தொலைபேசிச் சுகாதார ஆலோசனை எண்ணில் ஊசிச் சிக்கல்களுக்கான கேள்விகளைக் கேட்கத் தாதியருக்குத் தனிக் குறிப்பு வழங்கப்படவேண்டும்.

விளக்கத் தாளின் தமிழைச் சரிபார்க்கவும், முதற் பிரதிகளை எமது வாசிகசாலையிலும் கலியாண மண்டபங்களிலும் வைக்கவும் எமது உறுப்பினர்கள் ஊதியமின்றி உழைப்பார்கள். எமக்குள் தாதிகளும் மருந்தாளரும் சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள். இக்கோரிக்கைகளைப் பற்றி நேரில் பேச, மனு கிடைத்த முப்பது நாட்களுக்குள் ஐந்து அமைப்புகளின் பிரதிநிதிகளையும் ஒன்றாகச் சந்திக்க நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அச்சந்திப்புக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் ஏற்பாடு செய்யுங்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் சிலர் தங்கள் வாயாலேயே சொல்ல முன்வந்திருக்கிறார்கள்.

இங்ஙனம்,
நிர்வாகக் குழுவினர்
மொன்றியல்