அலுமாரிக்குள் இருப்பது யாருடைய ஹக்?



கிழக்கிலங்கையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. அவருக்கு நாற்பத்தாறு வயது. முழங்கால் வருத்தமும் சீனி வருத்தமும் உண்டு. அவருடைய உம்மா பாரிசவாதத்தால் மூன்று வருடம் படுக்கையில் கிடந்து, ஒன்றரை வருடத்துக்கு முன் வபாத்தானார். கல்யாணத்தின்போது இந்தச் சகோதரிக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட வீட்டின் பின்னறையில்தான் உம்மா கடைசிவரை இருந்தார். அந்த அறை இன்றும் பூட்டிக் கிடக்கிறது.

"மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க இடமில்லாமல் குசினி மேசையில் இருக்கிறான். இவர், 'எல்லாவற்றையும் தூக்கி வெளியே போடு' என்கிறார். ராத்தா, 'நான் வரும்வரை உம்மாவின் சாமானில் கை வைக்காதே' என்கிறா. தம்பி வெளிநாட்டில். நான் அலுமாரியைத் திறந்தால் உம்மாவின் சாரி வாசம் வருகிறது. திரும்ப மூடிவிட்டு அழுகிறேன். என் ஈமானில் குறையா?" என்று கேட்டிருக்கிறார்.

இது ஒரு சகோதரியின் கேள்வி மட்டுமல்ல. நம்மில் பலருடைய வீட்டிலும் இப்படி ஓர் அறையோ, ஒரு பெட்டியோ, கட்டிலுக்கடியில் ஒரு மூட்டையோ இருக்கத்தான் செய்கிறது. ஆகவே இம்மாதம் அதைப் பற்றியே பேசுவோம்.

அழுவது குறையல்ல

முதலில் அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பத்ருப் போரில் கைதியான தம் கணவரை மீட்பதற்காக நபி (ஸல்) அவர்களின் மகள் ஸைனப் (ரழி) அவர்கள் மக்காவிலிருந்து ஒரு கழுத்து மாலையை அனுப்பி வைத்தார்கள். அது ஸைனபின் திருமணத்தின்போது தாயார் கதீஜா (ரழி) அவர்கள் அணிவித்து அனுப்பிய மாலை. கதீஜா (ரழி) மறைந்து வருடங்கள் கடந்திருந்தும், அதைக் கண்டதும் நபியவர்களின் உள்ளம் உருகிவிட்டது. மறைந்தவரின் பொருளைப் பார்த்து நெஞ்சு இளகுவது ஈமானின் குறை என்று இதற்குப் பிறகு யார் சொல்ல முடியும்?

ஆனால் அந்த நிகழ்ச்சியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நபியவர்கள் அந்த மாலையைத் தாமாக எடுத்துத் திருப்பி அனுப்பிவிடவில்லை. மீட்புப் பொருளில் ஸஹாபாக்களுக்கு ஹக் இருந்ததனால், விரும்பினால் கைதியை விடுவித்து மாலையையும் திருப்பிக் கொடுக்கலாமே என்று அவர்களிடம் கேட்டார்கள். அவர்களும் சம்மதித்தார்கள். உள்ளம் உருகிய நேரத்திலும் ஹக் யாருடையது என்று பார்த்தார்கள்.

சகோதரிகளே, வீட்டை ஒழுங்குபடுத்துவதற்கும் இதுதான் வழி. எதை எறிவது, எதை வைப்பது என்று ஆரம்பித்தால் சண்டையும் கண்ணீரும்தான் மிஞ்சும். இந்தப் பொருள் யாருடைய ஹக் என்று ஆரம்பித்துப் பாருங்கள். பாதி வேலை தானாக முடிந்துவிடும்.

வாரிசுகளின் ஹக்

வீடு உங்கள் பெயருக்கு உறுதி எழுதிக் கையளிக்கப்பட்டிருந்தால் வீடு உங்களுடையது. ஆனால் அதற்குள் இருக்கும் உம்மாவின் தையல் மெஷின், பித்தளைத் தட்டம், பெட்டகம், நகை எல்லாம் உங்களுடையவை அல்ல. உம்மாவின் கடன்களும், அவர் வஸிய்யத் செய்திருந்தால் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் அதுவும் நிறைவேற்றப்பட்ட பின், மிகுதி வாரிசுகள் அனைவருக்கும் உரியது. சூரா அந்நிஸாவின் 11ஆம், 12ஆம் வசனங்கள் இதை வகுத்துத் தந்திருக்கின்றன. இச்சகோதரியின் குடும்பத்தைப் போல, வாப்பா முன்னரே வபாத்தாகி, உம்மாவின் பெற்றோரும் இல்லாது, ஒரு மகனும் இரு மகள்மாரும் மட்டும் இருந்தால் சொத்து நான்கு பங்காகும். மகனுக்கு இரண்டு, மகள்மாருக்கு ஒவ்வொன்று.

ஆகவே "தூக்கி வெளியே போடு" என்ற கணவரின் பேச்சும் சரியல்ல. பார்த்துப் பராமரித்தவள் நான்தானே என்று நீங்களே எடுத்துக்கொள்வதும் சரியல்ல. அதேபோல, வராமலேயே "கை வைக்காதே" என்று ராத்தா சொல்லிக்கொண்டிருப்பதும் நியாயமல்ல. ராத்தாவுக்கு ஒரு நாளைக் குறித்துச் சொல்லுங்கள். தம்பியோடு தொலைபேசியில் பேசுங்கள். பெறுமதியான சாமான்களை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி, படமும் எடுத்து இருவருக்கும் அனுப்புங்கள். சின்னச் சாமான்களை ஒருவருக்கொருவர் மனம் பொருந்தி விட்டுக்கொடுக்கலாம். ஸதகாவாகக் கொடுக்கவும் எல்லோரும் சம்மதிக்கலாம். வாரிசுகளில் வயது வராத பிள்ளைகள் இருந்தால் மட்டும் கவனம் தேவை. அவர்களுடைய பங்கை மற்றவர்கள் தானம் செய்ய முடியாது. சந்தேகமானவற்றை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவல் வாங்கிய பொருளும் அந்த அறையில் இருக்கும். பள்ளிவாசலிலிருந்தோ அயல் வீட்டிலிருந்தோ எடுத்த சக்கர நாற்காலி, தண்ணீர் மெத்தை, கொமோட் கதிரை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றுக்காக இன்னொரு வீட்டில் ஒரு நோயாளி இப்போது காத்துக்கொண்டிருக்கக் கூடும். கழுவித் துடைத்து முதலில் அவற்றைத் திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் உடம்பின் ஹக்

இரவெல்லாம் நின்று வணங்கி, பகலெல்லாம் நோன்பிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களிடம், உடம்புக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். இபாதத்திலேயே அப்படியென்றால் வீட்டு வேலையில் எப்படி இருக்க வேண்டும்?

ஒரே நாளில் அறையை முடித்துவிட நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போதும். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் தரையில் குந்தாமல், கதிரையில் இருந்துகொண்டு பெட்டியை ஸ்டூலில் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். பரண் மேல் நீங்கள் ஏறவே வேண்டாம். அது மகனின் வேலை. அவனுக்குத்தானே அந்த அறை! சீனி வருத்தம் உள்ளவர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட்டு வேலை செய்யாதீர்கள். செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், காலில் ஆணி குத்தினால் புண் ஆறுவது கஷ்டம். இழுப்பு உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, தூசியை ஈரத்துணியால் துடையுங்கள்.

மனதுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. சாரி அலுமாரியிலிருந்து தொடங்காதீர்கள். மருந்துப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். மீதி மாத்திரைகளை, "உங்களுக்கும் பிரஷர்தானே" என்று அயலவருக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஃபார்மஸியிலோ கிளினிக்கிலோ கேட்டு ஒப்படையுங்கள். இன்சுலின் ஊசிகள் இருந்தால் மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு ஆஸ்பத்திரியில் கொடுங்கள். அடுத்து வெற்றுப் பேணிகள், போத்தல்கள், ஐஸ்கிறீம் டப்பாக்கள். அதன் பிறகு பாய், தலகாணி. உடுப்பு கடைசியாக வரட்டும். அந்த நாளில் ராத்தாவும் பக்கத்தில் இருக்கட்டும். இருவருமாக அழுதுகொண்டே மடித்தால் அதில் ஒரு தவறும் இல்லை.

எதையாவது முடிவெடுக்க முடியாவிட்டால் ஒரு பெட்டியில் போட்டு, இன்றைய திகதியை அதன் மேல் எழுதி மூடிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறக்கலாம். ஒரு பெட்டி மட்டும். இரண்டாவது பெட்டி வேண்டாம்.

பத்திரங்களை ஒருபோதும் அவசரத்தில் கழிக்காதீர்கள். காணி உறுதி, காவின் பதிவு, பிறப்பு, மரண அத்தாட்சிப் பத்திரங்கள், வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு ஆகியவற்றை ஒரே கோவையில் சேர்த்து வையுங்கள். பழைய கெசட்டுகளையும் ஒரு முறை போட்டுக் கேட்டுப் பாருங்கள். வளைகுடாவுக்கு உழைக்கப் போனவர்களுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பிய காலம் ஒன்றிருந்தது. ஏதாவது ஒன்றில் உம்மாவின் குரல் இருக்கலாம். நாடா பூஞ்சணம் பிடிக்குமுன் அதைப் பிரதி எடுத்து மூவரும் வைத்துக்கொள்ளுங்கள். சிதைந்த குர்ஆன் பிரதிகளைக் குப்பையோடு சேர்க்காமல், கால் படாத இடத்தில் கண்ணியமாகப் புதைக்க வேண்டும்.

ஏழையின் ஹக்

நாமே கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்க மாட்டாத மட்டமான பொருளைத் தர்மம் செய்ய நாடக் கூடாது என்று சூரா அல்பகராவின் 267ஆம் வசனம் நமக்கு எச்சரிக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்த பின், நம் கரையோர ஊர்களுக்கு மூட்டை மூட்டையாக உடுப்புகள் வந்தன. அன்புடன் அனுப்பப்பட்ட நல்ல துணிகளோடு, யாராலும் உடுக்க முடியாதவையும் கிடந்தன. எல்லாம் இழந்து நின்றவர்களின் கையில் கிழிந்த துணியைக் கொடுப்பது எத்தனை வேதனை!

ஆகவே கொடுப்பதைக் கழுவி, ஸ்திரி போட்டு, பொத்தான் தைத்துக் கொடுங்கள். பிரிக்காத பம்பர்ஸ் பக்கெட், விரிக்காத கம்பளி, திறக்காத கிளாஸ் செட் யாவும் தேவையுள்ளவரிடம் இந்த வாரமே போகட்டும். கிழிந்தது துடைப்புத் துணியாகட்டும்.

தம் தாயார் மரணித்தபோது, அவருக்காகத் தர்மம் செய்தால் பயன் கிடைக்குமா என்று ஸஅத் இப்னு உபாதா (ரழி) அவர்கள் கேட்டார்கள். ஆம் என்றார்கள் நபியவர்கள். ஸஅத் தம் தோட்டத்தையே தாயின் பேரில் ஸதகாவாக்கினார்கள். பூட்டிய அலுமாரியில் கிடக்கும் சாரியால் உம்மாவுக்கு ஒரு நன்மையும் இல்லை. வாரிசுகள் சம்மதித்து அதை ஓர் ஏழைப் பெண்ணுக்கு உடுக்கக் கொடுத்தால் அல்லாஹ்விடம் கூலியை எதிர்பார்க்கலாம்.

அயலவரின் ஹக்

அறையிலிருந்து எடுத்ததைக் கொல்லையில் குவித்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்கக் கூடாது. 2017இல் நம் நாட்டில் 1,80,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சல் நோயாளிகளாகப் பதிவானார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழைநீர் தேங்கும் ஒரு தயிர்ச்சட்டி, ஒரு சிரட்டை, ஒரு டயர் போதும் அந்த நுளம்புக்கு. தண்ணீர் வற்றினாலும் சட்டியின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். எனவே தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லையேல் நம் குப்பை அயல் வீட்டுப் பிள்ளையைப் படுக்கையில் போட்டுவிடும்.

உயிரோடிருக்கும் உம்மாவின் ஹக்

இந்தப் பகுதியை வாசிக்கும் பலருடைய உம்மா, மாமி இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், அல்ஹம்து லில்லாஹ். அவர்கள் ஒரு வெற்றுப் பேணியைக்கூட எறிய விடமாட்டார்கள் என்று சலித்துக்கொள்கிறோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம்தான். வீடு நிறைந்த சாமான்களை விட்டுவிட்டுக் கையில் ஒரு பையோடு வந்தவர்கள், புத்தளத்து முகாம்களில் ஒரு சட்டியிலிருந்து மீண்டும் தொடங்கினார்கள். சுனாமியில் இழந்தவர்களும் அப்படித்தான். அத்தகைய ஒரு தாய் போத்தலைச் சேர்த்து வைப்பது கஞ்சத்தனமல்ல. ஒரு நாள் எல்லாம் போய்விடலாம் என்று கண்டவருடைய பயம் அது.

அவர் உறங்கும்போதோ கிளினிக்குக்குப் போன நேரத்திலோ அவருடைய சாமானை எறியாதீர்கள். அவர் நடக்கும் வழியையும் குளியலறைப் பாதையையும் மட்டும் முதலில் ஒதுக்கிக் கொடுங்கள். தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு உடைந்துவிடும். மற்றவற்றை அவர் பக்கத்தில் இருந்து, "உம்மா, இதை யாருக்குக் கொடுக்கலாம்?" என்று கேளுங்கள். தம் கையால் கொடுக்கும் மகிழ்ச்சி அவருக்குக் கிடைக்கட்டும். இது இன்ன பிள்ளைக்கு, இது கடன் வாங்கியது என்று அவரே சொல்லிவிட்டால் பின்னால் பிள்ளைகளுக்குள் மனக்கசப்பும் குறையும்.

கடிதம் எழுதிய சகோதரியே, நீங்கள் மூன்று வருடம் உம்மாவைக் குளிப்பாட்டினீர்கள், ஊட்டினீர்கள். அந்த அறையை ஒதுக்குவதால் உம்மாவை மறந்தவராகிவிட மாட்டீர்கள். உம்மாவின் தஸ்பீஹையோ ஒரு சாரியையோ மற்ற இருவரின் சம்மதத்தோடு உங்களுக்கென வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜன்னலைத் திறந்துவிட்டு மகனின் மேசையை அங்கே போடுங்கள். பேரன் படிக்கும் சத்தம் அந்த அறையில் கேட்கட்டும்.

அல்லாஹுத் தஆலா உங்கள் உம்மாவின் கப்றை விசாலமாக்குவானாக! நம் வீடுகளில் இருக்கும் பிறர் ஹக்குகளை, நாம் மௌத்தாகுமுன் உரியவர்களிடம் சேர்த்துவிட நமக்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.