சாட்சியா? ஜாமீனா?



தோட்டத்தில் அரசாங்கச் சம்பளச் சீட்டு வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். அதனால் எங்களைத் தேடி வரும் காகிதங்களுக்குக் கணக்கே இல்லை. பிறப்புப் பத்திரத்தின் நகலுக்கு உறுதிக் கையெழுத்து, உதவி நிதி மனுவுக்குக் கையெழுத்து, பிள்ளையின் விடுதிப் படிவத்துக்குக் கையெழுத்து என்று மாலை நேரத்தில் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். போட்டுக் கொடுத்துப் பழகிய கை, ஒருநாள் தவறான இடத்திலும் போட்டுவிடும். என் கை போட்டது. அந்தக் கதையைத்தான் இந்த மாதம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

2004ஆம் ஆண்டு. எனக்குத் திருமணமாகி ஓராண்டு இருக்கும். பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். சிறுவயதில் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். செம்பனைக் குலை ஏற்றப் பழைய லோரி ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

"தங்கச்சி, ஒன்னும் இல்ல. ஒரு சாட்சிக் கையெழுத்துதான். வாத்தியார் கையெழுத்து இருந்தா சீக்கிரமா பாஸ் பண்ணிடுவாங்களாம்" என்றார்.

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் விரல் வைத்துக் காட்டிய மூன்று இடங்களிலும் கையெழுத்திட்டேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவேண்டும் என்றும் தோன்றவில்லை. சாட்சிதானே!

இரண்டாண்டு கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. லோரியின் தவணை பல மாதமாகக் கட்டப்படவில்லை; லோரியைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டாயிற்று; ஏலப்பணம் போக மீதி 18,000 வெள்ளியை நான் கட்டவேண்டும் என்று எழுதியிருந்தது. அண்ணனோ தோட்டத்தை விட்டுப் போய்விட்டிருந்தார். அன்றிரவு என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

மறுவாரம் பட்டணத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போனோம். அவர் காகிதத்தை வாங்கியதும் கதை எதுவும் கேட்கவில்லை. பென்சிலை எடுத்து என் பெயரைத் தேடினார். கண்டுபிடித்து வட்டம் போட்டார். அதன் பக்கத்தில் இருந்த சொல்லின் கீழ்க் கோடு போட்டு என் பக்கம் திருப்பி வைத்தார். 'பெஞ்ஜாமின்' என்று இருந்தது.

நேயர்களே, அந்தச் சொல்லுக்குள்ளேயே 'ஜாமீன்' உட்கார்ந்திருக்கிறது. மலாயில் சாட்சிக்கு 'சக்சி' என்று போடுவார்கள். ஆங்கிலப் படிவமானால் சாட்சி 'விட்னஸ்', ஜாமீன் 'கேரண்டர்'. இரண்டு சொற்களும் நம் காதுக்குப் பழகியவைதான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கருத்துணர்தல் சொல்லிக்கொடுக்கும் நான், என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சொல்லைப் படிக்காமல் விட்டேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சாட்சி என்பவர், "இவர் கையெழுத்திட்டதை நான் கண்ணால் பார்த்தேன்" என்று சொல்பவர். கடனுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஜாமீன்தாரரோ, "இவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்று வாக்குக் கொடுப்பவர். நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 79ஆவது பிரிவில் இதைத்தான் சொல்கிறது. ஜாமீன் எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. வாய்ச்சொல்லாகவும் இருக்கலாம் என்கிறது அதே பிரிவு.

"நான் ஒரு காசு வாங்கவில்லையே, ஐயா?" என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். உங்களில் பலரும் அதைத்தான் கேட்பீர்கள். அவர் 80ஆவது பிரிவைக் காட்டினார். கடன் வாங்கியவருக்கு நன்மை கிடைத்திருந்தால் போதும். ஜாமீன்தாரருக்கு எதுவும் கிடைத்திருக்க வேண்டியதில்லை. அண்ணனுக்கு லோரி கிடைத்தது. என் கையெழுத்தைக் கட்டிப்போட அது போதும்.

"முதலில் அவரைப் பிடிக்கட்டுமே?" என்றார் என் வீட்டுக்காரர். அதற்கு 81ஆவது பிரிவு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ, ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவு. கடன் கொடுத்தவர் முதலில் அவரைத் துரத்திவிட்டுத்தான் நம்மிடம் வரவேண்டும் என்பதில்லை. ஓடிப்போனவரைவிட வீட்டில் இருப்பவரைப் பிடிப்பதுதானே சுலபம்?

"சாட்சி என்று பொய் சொல்லித்தானே வாங்கினார்?" என்று கடைசியாகக் கேட்டேன். கடன் கொடுத்தவரே, அல்லது அவருக்குத் தெரிந்து அவர் சம்மதத்தோடு வேறொருவர், முக்கியமான விஷயத்தில் தவறாகச் சொல்லி ஜாமீன் வாங்கியிருந்தால் அது செல்லாது. ஆனால் என்னிடம் சொன்னது என் அண்ணன். அது கடன் கொடுத்தவருக்குத் தெரியும் என்பதற்கு என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

அப்போது அவர் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னார். நம் ஒப்பந்தச் சட்டத்துக்கு வேர் ஆங்கிலச் சட்டத்தில் இருப்பதால் அந்நாட்டுத் தீர்ப்புகளை இங்கும் எடுத்துப் பார்ப்பதுண்டு. 78 வயது மூதாட்டி ஒருவர். மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது. அக்கா தங்கை பிள்ளை முறையான ஒருவனுக்குத் தம் வீட்டைத் தானமாகக் கொடுக்கும் பத்திரம் என்று நம்பிக் கையெழுத்திட்டார். உண்மையில் அது அவனுடைய கூட்டாளிக்கு வீட்டை விற்றதாக எழுதிய பத்திரம். அந்தக் கூட்டாளி அதைக் காட்டி ஒரு வீட்டுக்கடன் சங்கத்தில் பணம் வாங்கினான், திருப்பிக் கட்டவில்லை. வழக்கு பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1970இல் வந்த தீர்ப்பு மூதாட்டிக்குச் சாதகமாக இல்லை. கவனமில்லாமல் கையெழுத்திட்டவர், அந்தக் காகிதத்தை நம்பிப் பணம் கொடுத்த மூன்றாமவர் மேல் நஷ்டத்தைத் தள்ள முடியாது என்பதே அதன் சாரம். "கண்ணாடி உடைந்த பாட்டிக்கே அந்தக் கதி. உங்களுக்குக் கண் நன்றாகத் தெரிகிறதே, டீச்சர்" என்றார் வழக்கறிஞர். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

அவர் பேசி மாதம் 300 வெள்ளி வீதம் கட்ட ஏற்பாடு செய்துகொடுத்தார். முழுதாக ஐந்தாண்டு கட்டினோம். என் மூத்த பிள்ளை பால் குடித்த காலமும் நடை பழகிய காலமும் அந்தத் தவணைக்குள்ளேயே போயின.

அந்த வழக்கறிஞர் படித்த முறையை நான் அன்றே மனத்தில் எழுதிக்கொண்டேன். உங்களுக்கும் சொல்கிறேன். பென்சில் ஒன்று போதும்.

முதலில், உங்கள் பெயரைத் தேடுங்கள். இந்தக் காகிதத்தில் நீங்கள் யார்? கடன் வாங்குபவரா, சாட்சியா, ஜாமீனா? அந்தச் சொல்லுக்கு வட்டம் போடுங்கள்.

இரண்டாவது, எவ்வளவு? ஒரு தொகையோடு உங்கள் பொறுப்பு நிற்கிறதா, அல்லது வட்டி, வழக்குச் செலவு எல்லாம் சேருமா? எல்லை வைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, எதுவரை? இந்த ஒரு கடனுக்கு மட்டுமா, இனி அவர் வாங்கும் கடன்களுக்கும் சேர்த்தா? பின்னதைத் தொடர் ஜாமீன் என்பார்கள். அது முடிகிற தோரணமல்ல, நீண்டுகொண்டே போகும்.

நான்காவது, எதை விட்டுக்கொடுக்கிறீர்கள்? உங்கள் சம்மதமின்றிக் கடனின் விதிகளை மாற்றினால், அதற்குப் பிந்திய கொடுக்கல் வாங்கலுக்கு நீங்கள் பொறுப்பல்ல என்று 86ஆவது பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று நீங்களே ஒப்புக்கொள்வதாகப் படிவத்தில் ஒரு வரி நுழைந்திருக்கக்கூடும். அச்சு சிறிதாக இருக்கும் இடத்தில் பார்வையைப் பெரிதாக்குங்கள்.

ஐந்தாவது, காலி இடம் இருக்கும் காகிதத்தில் கையெழுத்திடாதீர்கள். தேதி போடுங்கள். நகல் ஒன்று வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

ஜாமீன்தாரர்களுக்கு இன்று கொஞ்சம் நிழல் உண்டு. 2017இல் திவால் சட்டம் திருத்தப்பட்டது. லாபம் கருதாமல் கல்விக் கடனுக்கோ, சொந்த உபயோக வாகனத்தின் தவணைக் கொள்முதலுக்கோ, குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கோ ஜாமீன் நின்றவரைச் 'சமூக ஜாமீன்தாரர்' என்கிறது அது. அவரைத் திவாலாக்க முடியாது. மற்ற ஜாமீன்தாரர்களைத் திவாலாக்க, முதலில் கடன் வாங்கியவரிடம் வசூலிக்கும் வழிகளையெல்லாம் பார்த்துவிட்டு, நீதிமன்ற அனுமதியும் பெறவேண்டும். 2021 முதல் கடன் 1,00,000 வெள்ளிக்குக் குறைந்தால் யாரையும் திவாலாக்க மனுச் செய்ய முடியாது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: திவாலாக்க முடியாது என்றால் கடன் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வழக்குப் போட்டுப் பணம் கேட்கலாம். என் அண்ணன் லோரியோ தொழிலுக்கு வாங்கியது. அது சமூக ஜாமீனிலும் சேராது.

கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெற 98ஆவது பிரிவு உரிமை தருகிறது. நான் வழக்குப் போடவில்லை. பெரியம்மா உயிரோடு இருந்தார்.

பெரியம்மா இறந்தபோது அண்ணன் வந்திருந்தார். எல்லாரும் போனபின் என் அருகில் வந்து உட்கார்ந்தார். "தங்கச்சி, உன்ன ஏமாத்தணும்னு சொல்லல. ஏஜண்டு என்கிட்ட சாட்சின்னுதான் சொன்னான். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்தானே?" என்றார்.

தெரியும். அதனால்தானே அவர் படித்த தங்கையிடம் காகிதத்தைக் கொண்டுவந்தார்? நான் படித்திருந்தால் அவருக்கும் சொல்லியிருப்பேன். ஏமாற்றியவர் யார் என்று ஐந்தாண்டு தேடினேன்; படிக்கத் தெரிந்தும் படிக்காதவள் நான்தான் என்பது அன்றுதான் உறைத்தது.

ஆகவே, வாசகர்களே, அடுத்தமுறை யாராவது காகிதத்தோடு வந்தால் கோபப்படாதீர்கள், வெட்கப்படவும் வேண்டாம். உட்காரச் சொல்லுங்கள். காப்பி கலக்கிக் கொடுங்கள். "வைத்துவிட்டுப் போங்கள், படித்துப் பார்த்து வீட்டில் கலந்துகொண்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அது நம்பாத பேச்சு அல்ல. இருவரையும் காப்பாற்றும் பேச்சு. காகிதம் புரியாவிட்டால் சட்ட உதவி இலாகாவிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ கேளுங்கள். கையெழுத்திட்ட பிறகு அல்ல, அதற்கு முன்பு.

அடுத்த இதழில், வாடகை வீடு எடுக்கும்போது முன்பணத்துக்கு ரசீது வாங்குவது பற்றிப் பேசுவோம்.