எண்ணெய்க்காரர் ஏன் செவிடரானார்?

கடலோர ஊர் ஒன்று. அவ்வூரின் கலங்கரை விளக்கம் மூன்று இரவுகளாக எரியவில்லை. நான்கு பெண்கள் அதன் காரணத்தைக் கண்டறியப் புறப்படுகிறார்கள். இதுதான் நாங்கள் ஆடிய முதல் கதை. ஆடினோம் என்பதைவிட, ஆட முயன்றோம் என்பதே பொருந்தும்.

கதையை ஆடுவதா என்று வியக்கும் பெற்றோருக்காகவும், நூலகத்தின் பின்புறத் திண்ணையில் இவர்கள் ஏன் இப்படிக் கூச்சலிடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்த அருட்சகோதரிகளுக்காகவும் முதலில் சிறிது விளக்கிவிடுகிறோம். ஒருத்தி கதையின் உலகத்தைத் தன் மனத்தில் வைத்திருப்பாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். "கடற்கரையில் நிற்கிறீர்கள். பொழுது சாய்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று அவள் கேட்பாள். ஒவ்வொருத்தியும் தன் பாத்திரம் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டும். அது கைகூடுமா என்பது ஐயத்திற்கு உரியதானால் பகடை தீர்மானிக்கும். மேடை இல்லை, ஒப்பனை இல்லை, நெட்டுருப் போட வசனமும் இல்லை. யாரும் வெல்வதில்லை, யாரும் தோற்பதில்லை. கதையின் உலகத்தை வைத்திருப்பவளை ஆங்கிலத்தில் கேம் மாஸ்டர் என்பார்கள். நாங்கள் கதைத்தலைவி என்கிறோம். அவள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே எங்கள் பேச்சு. இந்த ஓராண்டில் நாங்கள் செய்யாத தவறு இல்லையாதலால், இதைப் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதி உண்டு!

முதற் கதைக்காக எங்கள் கதைத்தலைவி நாற்பது பக்க நோட்டு ஒன்றை முழுவதும் எழுதி நிரப்பிக்கொண்டு வந்தாள். விளக்குக் கோபுரத்தில் எத்தனை படிகள், எந்தப் படியில் இரத்தக்கறை, உச்சியில் யார் ஒளிந்திருப்பது எல்லாம் அதில் இருந்தன. நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் கோபுரத்தில் ஏறுவதுதான். ஆனால் எங்களுள் மிகக் குறைவாகப் பேசுகிறவள் ஒருத்தி, "விளக்குக்கு எண்ணெய் விற்பவர் யார்? அவரிடம் போய் இந்த வாரம் எண்ணெய் வாங்கினார்களா என்று கேட்கிறேன்" என்றாள்.

என்ன அருமையான கேள்வி! நோட்டில் எண்ணெய்க்காரர் இல்லை. கதைத்தலைவி ஒரு நொடி திகைத்தாள். பிறகு, "எண்ணெய்க்காரருக்குக் காது கேட்காது" என்றாள்.

"அப்படியானால் அவர் மனைவியிடம் கேட்கிறேன்."

"அவளுக்கும் கேட்காது."

திண்ணையே சிரித்தது. கேட்டவளும் சிரித்தாள். அதற்குப் பின் அன்று முழுவதும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் கோபுரத்தில் ஏறினோம், இரத்தக்கறையைக் கண்டோம், உச்சியில் ஒளிந்திருந்தவனைப் பிடித்தோம். எல்லாம் நோட்டில் உள்ளபடியே நடந்தது. வீடு திரும்பும்போது யாருக்கும் உற்சாகம் இல்லை. அந்தத் தலைவி எங்களுள் யார் என்று கேட்காதீர்கள். அந்த நாற்பது பக்கங்களை எழுதிய கை இந்தக் கட்டுரையிலும் சிறிது உதவியிருக்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறோம்.

எங்களுக்கு ஆறுதல் தந்தது இவ்வாட்டத்தின் வரலாறு. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், போர் விளையாட்டு ஒன்றில் புதுமை செய்ய எண்ணினார். பிரான்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை அமைத்து, படைத்தலைவர்களாக மட்டுமின்றி ஊர் மக்களாகவும் நண்பர்களை ஆடச் செய்தார். அவர்கள் அவர் வகுத்த வழியில் நிற்கவில்லை. தத்தம் விருப்பப்படி சூழ்ச்சி செய்தார்கள். இருவர் தமக்குள் ஒண்டிக்கு ஒண்டிச் சண்டைக்கே கிளம்பிவிட்டார்கள். ஆட்டம் பாழாயிற்று என்று அவர் வருந்திக்கொண்டிருக்க, நண்பர்களோ மறுமுறை எப்போது என்று நச்சரித்தார்கள். அந்த நண்பர்களுள் ஒருவரான டேவ் ஆர்ன்சனும், விஸ்கான்சின் மாநிலத்தின் ஜெனிவா ஏரி என்னும் சிற்றூரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-இல் வெளியிட்டதுதான் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. முதல் அச்சில் ஆயிரம் பெட்டிகள்தாம். இன்று உலகமெங்கும் ஆடுகிறார்கள். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே, கைமீறிப் போன ஓர் ஆட்டத்திலிருந்துதான் இவ்வகை ஆட்டமே பிறந்தது. எங்கள் தலைவி எண்ணெய்க்காரரைக் கண்டு அஞ்சியிருக்க வேண்டியதில்லை.

பின் எப்படித் தயாரிப்பது? நடக்கப்போவதை எழுதாதீர்கள், நடந்துவிட்டதை எழுதுங்கள். விளக்கு ஏன் அணைந்தது, யார் அணைத்தார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் நாளை என்ன நிகழும் என்ற நான்கும் தெரிந்தால் போதும். அதற்கு ஒரு பக்கம் மிகுதி. இவை தெளிவாயிருந்தால் எண்ணெய்க்காரர் தாமாகவே பேசுவார். "நான்கு நாட்களாக யாரும் எண்ணெய் வாங்கவில்லையம்மா, பாக்கியும் கொடுக்கவில்லை" என்று அவர் சொல்லியிருந்தால் எங்கள் கதை எவ்வளவு தூரம் போயிருக்கும்! கூடவே ஊர்ப் பெயர்கள், ஆட்பெயர்கள் பத்துப் பன்னிரண்டை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. திடீரென்று ஒரு மீனவப் பெண்ணுக்குப் பெயர் கேட்டால், வாயில் வருவது பெரும்பாலும் கணக்கு ஆசிரியையின் பெயராகவே இருக்கிறது.

இன்னொன்று. கதை நகர்வதற்கு மிகவும் வேண்டிய செய்தியை ஒரே இடத்தில் ஒளித்து வைக்கக் கூடாது. எங்கள் இரண்டாம் கதையில் ஒரு கடிதம் தலையணைக்கு அடியில் இருந்தது. யாரும் தலையணையைத் தூக்கவில்லை. மதிய இடைவேளை முழுவதும் கட்டில், பெட்டி, அலமாரி என்று தேடினோமே தவிரத் தலையணையை மறந்தோம். மணி அடித்துவிட்டது. இப்போது முக்கியமான எதையும் மூன்று வழிகளில் அறியும்படி வைக்கிறோம். அவற்றுள் இரண்டைத் தோழியர் எப்படியும் தவறவிடுவார்கள்.

பகடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வாட்டத்திற்கு இருபது முகப் பகடை வழக்கம். எங்களிடம் அது இல்லை. பழைய பவுடர் டப்பாவில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்தோம். இது எங்கள் ஏழ்மைக் கண்டுபிடிப்பு என்று எண்ணியிருந்தோம். 1979-இல் பகடைத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அந்நிறுவனமே எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் பெட்டியில் வைத்து விற்றதாம்! ஆனால் எடுத்த சீட்டைத் திரும்பப் போடாமலே டப்பாவை அடுத்தவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தோம். 1 என்னும் கெட்ட எண் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் மற்றவர்கள் அச்சமின்றிப் பாறையிலிருந்து குதித்தார்கள். நிகழ்தகவுப் பாடம் நடத்தப்பட்ட அன்றுதான் இது எங்களுக்கு உறைத்தது. இப்போது இரண்டு சாதாரணப் பகடைகளை உருட்டிக் கூட்டுகிறோம். 36 வழிகளுள் 7 வருவதற்கு ஆறு வழிகள். 2 வருவதற்கு ஒன்றே ஒன்று. சீட்டிலோ எல்லா எண்ணுக்கும் இருபதில் ஒரு வாய்ப்புத்தான். நெடுநாள் படகோட்டிய ஒருத்தி அடிக்கடி படகைக் கவிழ்ப்பது கதைக்கு அழகன்று. எனவே எங்களுக்கு இரட்டைப் பகடையே பிடித்திருக்கிறது.

எதற்கெல்லாம் உருட்டுவது? தோற்றாலும் கதை நகரும் என்றால் மட்டுமே உருட்ட வேண்டும். பூட்டு திறக்கவில்லை, அவ்வளவுதான் என்றால் எல்லோரும் கதவுக்கு முன் நின்று கொட்டாவி விடுவோம். பூட்டு திறக்கவில்லை, ஆனால் அந்தச் சத்தத்தில் காவற்காரன் விழித்துக்கொண்டான் என்றால் அது கதை. பகடையை எல்லோரும் காணத்தான் உருட்ட வேண்டும் என்பதும் எங்கள் கருத்து. ஒரு பாத்திரம் இறக்கும் தறுவாயில் தலைவி இரகசியமாக எண்ணை மாற்றிச் சொல்லிக் காப்பாற்றலாம் என்று எங்களுள் இருவர் வாதாடுகிறார்கள். கருணைதானே என்கிறார்கள். அக்கருணை ஒருநாள் தெரிந்துவிட்டால், அதற்கு முன் நாங்கள் பெற்ற வெற்றிகளையெல்லாம் சந்தேகிக்க வேண்டியிருக்குமே! அவ்விருவரும் இன்னும் ஒப்பவில்லை.

இனிச் சொல்லப்போவது எழுதுவதற்கு எளிதாக இல்லை. எங்கள் நான்காம் கதையில், புயலுக்குப் பின் ஒரு மீனவரின் உடல் கரை ஒதுங்கியதைத் தலைவி வருணித்தாள். நன்றாகவே வருணித்தாள். எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். கடலில் இல்லை, மருத்துவமனையில். ஆயினும் இறந்திருந்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அடக்கத் திருப்பலிக்குப் போய்வந்தவர்கள் நாங்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வாரம் திண்ணைக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்பது எளிது, கேட்டோம். "நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லையே" என்று அவளே எங்களைத் தேற்றியதுதான் எங்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

கற்பனை என்பதனால் யாருக்கும் வலிக்காது என்று எண்ணிவிட்டோம். மனத்திலே காண்பதுதான் இந்த ஆட்டம் எனும்போது, மனத்திலே காயமும் படும் அல்லவா? அன்று முதல், கதை தொடங்குமுன் ஒவ்வொருத்தியும் கதையில் எது வரக்கூடாது என்பதைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தருகிறாள். நடுவில் ஒரு சோழியும் இருக்கும். யார் அதைத் தொட்டாலும் தலைவி அக்காட்சியை விட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். ஏன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. சோழி முதன்முதலாகத் தொடப்பட்டது ஒரு பல்லிக்காக. அதற்கும் நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. அத்தோழி மூன்றாம் வாரம் வந்தாள். சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு, விளக்குக் காவலாளியின் பாத்திரம் காலியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

இவ்வாட்டத்தின்மேல் பெரியவர்களுக்கு ஐயம் உண்டு என்பதை அறிவோம். பகடை என்றாலே சூது என்று ஓர் அம்மா எங்களுள் ஒருத்தியைக் கடிந்துகொண்டார். நாங்கள் பைசா எதையும் பணயம் வைப்பதில்லை. அமெரிக்காவிலும் 1980-களில் இவ்வாட்டம் பிள்ளைகளைப் பேய் வழிபாட்டிற்கு இழுக்கிறது என்று பெரும் கூக்குரல் எழுந்தது. 1979-இல் மிச்சிகனில் காணாமற்போன ஒரு கல்லூரி மாணவர் இவ்வாட்டத்தால்தான் சுரங்கவழிகளில் தொலைந்தார் என்று செய்தித்தாள்கள் எழுதின. சில வாரங்களில் அவர் உயிருடன் கிடைத்தார். அவர் துயரத்திற்குக் காரணம் ஆட்டமன்று. பெரியவர்கள் அஞ்சியது வீண் என்று நாங்கள் சொல்லமாட்டோம். கரை ஒதுங்கிய உடலைக் கண்டு எழுந்து போன தோழியை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் அவர்கள் அஞ்ச வேண்டிய இடம் வேறு. எவள் நடத்துகிறாள், எப்படி நடத்துகிறாள் என்று பாருங்கள்.

கற்பனையைப் பொறுத்தவரை எங்களுக்குப் பெரிய துணை ஒருவர் உண்டு. ஆண்டுத் தியானத்தின்போது, நற்செய்திக் காட்சி ஒன்றில் நாமும் நிற்பதாக எண்ணி, அங்குள்ளவர்களைப் பார்த்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுச் செபிக்கும் முறையைப் புனித இஞ்ஞாசியார் கற்பித்தார் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அவருடைய ஆன்மீகப் பயிற்சிகள் 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றவை. செபத்தையும் விளையாட்டையும் நாங்கள் ஒன்றாக்கவில்லை, எங்களை யாரும் தவறாக எண்ண வேண்டாம். கண்ணை மூடி இன்னோர் இடத்தில் நிற்பது தீமையன்று என்று மட்டும் சொல்கிறோம்.

ஒருநாள் அருட்சகோதரி ஒருவர் எங்களைக் கலைக்கத்தான் வந்தார். அவ்வேளை நாங்கள் ஒரு பங்களாவின் கதவை எப்படி உடைப்பது என்று கால் மணி நேரமாக வாதிட்டுக்கொண்டிருந்தோம். சற்று நின்று கேட்டவர், "கதவைத் தட்டிப் பார்த்தீர்களா?" என்றார். ஒருவரும் தட்டவில்லை. தட்டினோம். கதவு திறந்தது. சிஸ்டர் மணி அடிக்கும்வரை எங்களுடன் அமர்ந்திருந்தார்.

கடைசியாக, யார் தலைவியாக இருப்பது? முதல் மதிப்பெண் வாங்குகிறவள், மேடைப் பேச்சில் பரிசு வாங்குகிறவள் என்று தொடக்கத்தில் தேர்ந்தோம். அப்படிப்பட்டவர்களுக்கு எல்லாவற்றிற்கும் விடை சொல்லியே பழக்கம். கதைத்தலைவிக்கு வேண்டியதோ கேட்கிற காது. பேசாமலிருப்பவளின் பக்கம் திரும்பி, அவள் பெயரைச் சொல்லி, "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லும்வரை காத்திருக்கவும் தெரிய வேண்டும். உரக்கப் பேசும் நால்வர் உள்ள இடத்தில் அந்தக் காத்திருப்பு மிகக் கடினம். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு காத்திருக்கிறோம். இப்போது மாதத்திற்கு ஒருத்தியாக முறை வைத்துத் தலைவியாகிறோம்.

அடுத்த மாதம் எண்ணெய்க்காரரைப் பற்றிக் கேட்டாளே, அவளுடைய முறை. எந்த ஊர், என்ன சிக்கல் என்று எவ்வளவு கெஞ்சியும் சொல்ல மறுக்கிறாள். அவள் நோட்டில் ஒரே ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவிகளுக்காக, அவர்களுள் ஒருத்தி